ரூம் டெம்பரேச்சர் சூப்பர்கண்டக்டர் வந்துருச்சாமே? – அடிக்கடி கேக்குற கேள்விகள்

வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த நியூஸ் ஃபார்வர்டு ஆகி வரும், வந்த அரை மணி நேரத்துல எனக்கு போன் வரும். நான் ஒரு காலத்துல லோ டெம்பரேச்சர் லேப்ல ஆறு வருஷம் குப்பை கொட்டுனவன், இப்போ காலேஜ்ல பாடம் எடுக்குறேன். பழைய ஸ்டூடன்ட்ஸ், சித்தப்பா, அபார்ட்மென்ட் செக்ரட்டரி வரைக்கும் கேட்ட கேள்விகளைத்தான் கீழ போட்டிருக்கேன், இனிமே யாராவது கேட்டா இதையே அனுப்பிடலாம்னு.

சூப்பர்கண்டக்டர்னா என்ன, ரெண்டு வரில சொல்லுங்க?

சில பொருளை ஒரு குறிப்பிட்ட டெம்பரேச்சருக்கு கீழ குளிர வச்சா அதோட மின்தடை காணாம போயிடும். அதே நேரத்துல தனக்குள்ள இருக்குற காந்தப்புலத்தையும் வெளிய தள்ளிடும், இதுக்கு மைஸ்னர் விளைவுன்னு பேரு. ரெண்டும் இருந்தாத்தான் சூப்பர்கண்டக்டர். இந்த "ரெண்டும்"ங்குறத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வர்ற பாதி கதை அதுலதான் இருக்கு.

1911ல ஹாலந்துல லைடன் ஊர்ல காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்த 4.2 கெல்வினுக்கு, அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரிக்கு, கொண்டு போனப்போ ரெசிஸ்டன்ஸ் திடீர்னு விழுந்துச்சு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1908ல, ஹீலியத்த முதல்முதலா திரவமாக்குனதும் அவர்தான், அது இல்லாம இது நடந்திருக்காது. மைஸ்னர் விளைவு தெரிய வந்தது 1933ல, அதுவரைக்கும் 22 வருஷம் பாதி விஷயம் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

தடை கம்மியா, இல்ல நெஜமாவே பூஜ்யமா?

நெஜமாவே பூஜ்யம். செம்புல தடை கம்மி, ஆனா இருக்கு. சூப்பர்கண்டக்டர் வளையத்துல ஒரு தடவை கரன்ட்ட சுத்த விட்டுட்டா பேட்டரிய கழட்டுனாலும் அது பாட்டுக்கு சுத்தும். எம்ஆர்ஐ ஸ்கேன் மிஷின்ல அந்த பெரிய காந்தம் இப்படித்தான் ஓடுது, உள்ள நியோபியம் டைட்டானியம் கம்பி, ஹீலியத்துல குளிச்சுக்கிட்டு. நீங்க ஸ்கேனுக்கு போய் படுத்திருக்கும்போது தலைக்கு அரை முழம் தள்ளி சூப்பர்கண்டக்டர் வேலை செஞ்சுட்டு இருக்கு.

அதுக்கு ஏன் அவ்ளோ குளிரணும்?

தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவுல நடந்திருக்கீங்களா, நாலு அடிக்கு ஒருத்தர் மேல முட்டிக்கிட்டே போகணும், சாதாரண கம்பில எலக்ட்ரான் அப்படித்தான் போகுது, அந்த முட்டல்தான் தடை. குளிர்ல என்ன ஆகுதுன்னா எலக்ட்ரான்லாம் ஜோடி சேருது, ஜோடியெல்லாம் சேர்ந்து தேர் வடம் புடிச்ச மாதிரி ஒரே இழுப்புல போகுது, நடுவுல ஒரு ஜோடிய மட்டும் தட்டி விட முடியாது. இந்த ஜோடிக்கு கூப்பர் ஜோடின்னு பேரு. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூணு பேரும் 1957ல இதை எழுதுனாங்க, 1972ல நோபல். ஜோடியோட பிடி ரொம்ப லேசு, கொஞ்சம் சூடு ஏறுனா ஆட்டத்துல பிரிஞ்சிடும், அதான் குளிர் வேணும்.

தேர் உவமைய ரொம்ப இழுக்காதீங்க, வடம் அறுந்துடும்.

30 கெல்வினுக்கு மேல போகாதுன்னு புக்ல படிச்சோமே?

எங்களுக்கு முன்னாடி பேட்ச் வரைக்கும் அப்படித்தான் நினைச்சாங்க. 1986ல ஸூரிக்ல ஐபிஎம் லேப்ல பெட்னோர்ஸும் ம்யூல்லரும் ஒரு காப்பர் ஆக்சைடு செராமிக்ல 35 கெல்வின் கிட்ட பாத்தாங்க, உலோகத்துல இல்ல, பீங்கான் மாதிரி ஒரு பொருள்ல. அடுத்த வருஷமே நோபல், அவ்ளோ வேகமா யாருக்கும் சாதாரணமா குடுக்க மாட்டாங்க. அதே 1987ல பால் சூ, மாவ்-குவென் வூ குழுக்கள் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடுல 93 கெல்வின தொட்டாங்க. லிக்விட் நைட்ரஜன் கொதிக்கிறது 77 கெல்வின், அதனால இது பெரிய விஷயம், ஏன்னா ஹீலியம் மாதிரி இல்லாம நைட்ரஜன் மலிவு, மாட்டாஸ்பத்திரில சினை ஊசி உறையாம, ஸாரி, உறைஞ்சே இருக்குறதுக்கு கேன்ல வச்சிருப்பாங்களே அதே சாமான்தான்.

1987 மார்ச் 18 ராத்திரி நியூயார்க் ஹில்டன் ஹோட்டல்ல அமெரிக்கன் பிசிக்கல் சொசைட்டி கூட்டம், ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேச்சு, ரெண்டாயிரம் பேர் கிட்ட கூடிட்டாங்க, இடம் இல்லாம வராண்டால டிவில பாத்தாங்க, விடியகாலை மூணு மணி வரைக்கும் போச்சு. இயற்பியலோட வுட்ஸ்டாக்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. அந்த வருஷம் இது ஏன் நடக்குதுன்னு வந்த முக்கியமான தியரி பேப்பர்கள்ல ஒண்ணு பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் எழுதினது. அந்த பாஸ்கரன் தரமணில மேட்சயின்ஸ்ல, அதாவது கணித அறிவியல் நிறுவனத்துல, பல வருஷம் இருந்த நம்ம ஜி. பாஸ்கரன்தான்.

1993ல பாதரசம் கலந்த காப்பர் ஆக்சைடுல 133 கெல்வின் வந்துச்சு. சாதாரண அழுத்தத்துல அடுத்த முப்பது வருஷம் அதை யாரும் பெருசா தாண்டல. மைனஸ் 140 டிகிரி. ரூம் டெம்பரேச்சர்ங்குறது 300 கெல்வின், அதாவது இன்னும் பாதி கிணறு கூட தாண்டல.

சரி அந்த எல்கே-99 என்னதான் ஆச்சு? எல்லாரும் அதத்தான கேக்குறோம்.

2023 ஜூலை 22. சியோல்ல குவாண்டம் எனர்ஜி ரிசர்ச் சென்டர்னு ஒரு சின்ன இடம், அங்கேருந்து எல்கே-99னு ஒரு பொருள் ரூம் டெம்பரேச்சர்லயே சூப்பர்கண்டக்டர்னு சொல்லி, சரிபார்க்குறதுக்கு முன்னாடியே பேப்பர போடுற ஆர்க்கைவ் தளத்துல ஒரே நாள்ல ரெண்டு பேப்பர், சில மணி நேர இடைவெளில. முதல் பேப்பர்ல மூணு பேர் பேரு, ரெண்டாவதுல ஆறு பேர். நோபல் மூணு பேருக்கு மேல குடுக்க மாட்டாங்கன்னு தெரியுமில்ல, அதனால அப்பவே சிரிப்பு ஆரம்பிச்சிருச்சு. மத்தவங்க சம்மதம் இல்லாமயே முதல் பேப்பர ஏத்திட்டாங்கன்னு அந்த சென்டர நடத்துன சுக்பே லீ அப்புறம் சொன்னார். பேருல இருக்குற எல், கே அவரும் ஜி-ஹூன் கிம்மும், 99 அவங்க இதை முதல்ல பாத்த வருஷம்.

பொருள் என்னன்னா ஈயம் பாஸ்பேட்டு சேர்ந்த அபடைட்டுன்னு ஒரு கனிமம், அதுல கொஞ்சம் ஈயத்த எடுத்துட்டு அந்த இடத்துல செம்பு. 127 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூப்பர்கண்டக்டரா இருக்குன்னாங்க, அதாவது கொதிக்கிற டீல போட்டாலும் வேலை செய்யும்! மனுஷகுலத்துக்கே புது யுகம்ங்குற ரேஞ்சுல எழுதியிருந்தாங்க.

உலகமே இதை பிடிச்சுக்கிட்டதுக்கு காரணம் அதோட செய்முறை. லெட் ஆக்சைடும் லெட் சல்பேட்டும் கலந்து 725 டிகிரில ஒரு நாள் சுடு, செம்பும் பாஸ்பரசும் கலந்து 550 டிகிரில ரெண்டு நாள் சுடு, ரெண்டையும் ஒண்ணா அரைச்சு குவார்ட்ஸ் குழாய்ல காத்த உறிஞ்சிட்டு அடைச்சு 925 டிகிரில அஞ்சு மணி நேரத்துலேருந்து இருபது மணி நேரம் வை. அவ்ளோதான். எந்த காலேஜ் லேப்லயும் இருக்குற ஃபர்னஸ் போதும், கிட்டத்தட்ட முறுக்கு சுடுற மாதிரி. அதனால ஒரு வாரத்துல பெய்ஜிங், டெல்லி, நான்ஜிங்னு எல்லா ஊர்லயும் ஃபர்னஸ் எரிய ஆரம்பிச்சிருச்சு, கலிஃபோர்னியால ஒரு ஸ்பேஸ் கம்பெனி இன்ஜினியர் ட்விட்ச்ல லைவாவே சுட்டாரு. தென்கொரியால சூப்பர்கண்டக்டர்னு பேரு ஒட்டுன கம்பெனி ஷேரெல்லாம் எகிறிச்சு. பெர்க்லில சினேட் க்ரிஃபின் கம்ப்யூட்டர் கணக்கு ஒண்ணு போட்டு, செம்பு சரியான இடத்துல உக்காந்தா எலக்ட்ரான் பட்டை தட்டையா வருதுன்னு சொன்னாங்க, அது சூப்பர்கண்டக்டிவிட்டிக்கு சாதகமான அடையாளம்தான், ஆனா நிரூபணம் இல்ல, அதை அவங்களே அப்புறம் சொன்னாங்க. சொல்றதுக்குள்ள இன்டர்நெட் கல்யாணம் பண்ணி வச்சிருச்சு.

டெல்லி நேஷனல் பிசிக்கல் லேபரட்டரில அவானா குழு ஜூலை கடைசிலயே சுட்டு பாத்து, மிதக்கவும் இல்ல, சூப்பர்கண்டக்டிவிட்டியும் இல்லன்னு சொல்லிட்டாங்க. உலகத்துலயே முதல்ல பதில் சொன்ன கூட்டத்துல அவங்களும் உண்டு, நம்ம ஊர் டிவில யாரும் பெருசா காட்டல.

வீடியோல காந்தத்து மேல மிதந்துச்சே, கண்ணால பாத்தோமே?

ஒரு முனை கீழ தொட்டுக்கிட்டு இருந்துச்சு, கவனிச்சீங்களா? அதான் விஷயமே. இரும்பு மாதிரி லேசா காந்த குணம் இருக்குற துண்டு, பாத்த திசைல ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு நிக்கும். பெக்கிங் யுனிவர்சிட்டி குழு அவங்க சுட்ட துண்டுல அப்படிப்பட்ட ஃபெரோ காந்தத்தைத்தான் பாத்தாங்க. முழுசா மிதந்தாலும் கூட சூப்பர்கண்டக்டர்னு அர்த்தம் இல்ல. கிராஃபைட் தகடு நல்ல காந்தத்து மேல மிதக்கும், ரூம் டெம்பரேச்சர்லயே. 1997ல ஆந்த்ரே கெய்ம்னு ஒரு இயற்பியலாளர் 16 டெஸ்லா (காந்தப்புலத்தோட அளவு) காந்தத்துல ஒரு உயிருள்ள தவளையவே மிதக்க விட்டாரு, அதுக்கு கேலி நோபலும் வாங்கி, அப்புறம் கிராஃபீனுக்கு 2010ல நெஜ நோபலும் வாங்குனாரு. தவளை சூப்பர்கண்டக்டர் இல்ல.

உண்மையான சூப்பர்கண்டக்டர் மிதக்குறதே வேற மாதிரி இருக்கும். காந்தத்த தலைகீழா புடிச்சாலும் அதுக்கு கீழயே அந்தரத்துல பூட்டு போட்ட மாதிரி தொங்கும். அத ஒரு தடவை நேர்ல பாத்தவங்கள எந்த வீடியோவும் ஏமாத்த முடியாது.

ரெசிஸ்டன்ஸ் விழுந்ததா கிராஃப் போட்டிருந்தாங்களே?

விழுந்துச்சு, உண்மைதான். 104 டிகிரி செல்சியஸ் கிட்ட டமார்னு விழுந்துச்சு. இங்கதான் எனக்கு ரொம்ப பிடிச்ச திருப்பம். இல்லினாய்ல பிரசாந்த் ஜெயின்னு ஒரு கெமிஸ்ட், அவரு அந்த 104ங்குற நம்பர பாத்ததுமே எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு யோசிச்சிருக்காரு. அவரு வருஷக்கணக்கா காப்பர் சல்ஃபைடு மேல வேலை பண்ணவரு. காப்பர் சல்ஃபைடு சரியா 104 டிகிரில ஒரு வடிவத்துலேருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும், அப்போ தடை பல மடங்கு மாறும். எல்கே-99 செய்யும்போது லெட் சல்பேட்டுல இருக்குற கந்தகமும் செம்பும் சேர்ந்து காப்பர் சல்ஃபைடு அழுக்கா உள்ள ஒட்டிக்கிது. பெய்ஜிங் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிசிக்ஸ்ல காப்பர் சல்ஃபைட தனியா எடுத்து அளந்து அதே மாதிரி சரிவு வருதுன்னு காட்டுனாங்க.

ஸ்டுட்கார்ட்ல மேக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட்ல பாஸ்கல் புஃபால் குழு இன்னும் ஒரு படி போய் அழுக்கே இல்லாத ஒற்றை படிகமா வளத்தாங்க. என்ன வந்துச்சு தெரியுமா? ஊதா கலர்ல, வெளிச்சம் ஊடுருவுற படிகம், தடை மில்லியன் ஓம் கணக்குல. சூப்பர்கண்டக்டர் இல்லாதது மட்டும் இல்ல, கண்டக்டரே இல்ல, இன்சுலேட்டர். 2023 ஆகஸ்ட் பாதில விஷயம் முடிஞ்சு போச்சு. கொரியால சரிபார்க்க வச்ச கமிட்டியும் டிசம்பர்ல ஆதாரம் இல்லன்னு சொல்லிருச்சு.

பூஜ்யம் அளக்குறது அவ்ளோ கஷ்டமா? மல்டிமீட்டர் வச்சா தெரியாதா?

மல்டிமீட்டர்ல உங்க ஒயரோட தடையே அதிகமா காட்டும். அதனால நாலு கம்பி ஒட்டுவோம், வெளிய ரெண்டு கரன்ட் விட, உள்ள ரெண்டு வோல்டேஜ் பாக்க. சில்வர் பேஸ்ட்ட பல்குத்துற குச்சி நுனில தொட்டு, முடி மாதிரி கம்பிய மைக்ராஸ்கோப்ல பாத்து ஒட்டணும், மூச்சு விட்டா நகந்துடும்.

என் கதை சொல்றேன். ரெண்டாவது வருஷம், ராத்திரி ஒண்ணரை மணி, நான் மட்டும் லேப்ல. ஒரு மொக்கை சாம்பிள், அதுல எதுவும் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும், சும்மா கூல் பண்ணிட்டு இருந்தேன். 140 கெல்வின் கிட்ட கிராஃப் நேரா கீழ விழுந்து பூஜ்யத்துல ஒட்டிக்கிச்சு. ஒட்டுனது ஒட்டுனபடியே இருக்கு. எனக்கு கை நடுங்குது. சாதாரண அழுத்தத்துல உலக ரெக்கார்டு! சீனியர் அண்ணன ஹாஸ்டல்லேருந்து எழுப்பி வர வச்சேன், லுங்கியோட வந்தாரு, ஸ்கிரீன பாக்கவே இல்ல, நேரா கரன்ட் சோர்ஸ் பொட்டிய பாத்தாரு. அதுல கம்ப்ளையன்ஸ் லைட் எரிஞ்சுட்டு இருந்துச்சு. அதாவது குளிர்ல பேஸ்ட் சுருங்கி ஒரு கரன்ட் கம்பி புட்டுக்கிச்சு, சாம்பிளுக்குள்ள கரன்டே போகல, கரன்ட் போகலன்னா வோல்டேஜ் பூஜ்யம், கம்ப்யூட்டர் பாவம் பூஜ்யத்த நான் டைப் பண்ண கரன்ட்டால வகுத்து தடை பூஜ்யம்னு போட்டிருக்கு. "டீ வாங்கி குடு, போ"ன்னாரு, அவ்ளோதான்.

அதனாலதான் சொல்றேன், அறுந்த கம்பியும் பூஜ்யம் காட்டும், சூப்பர்கண்டக்டரும் பூஜ்யம் காட்டும். மைஸ்னர் விளைவையும் சேத்து காட்டுன்னு ஆளாளுக்கு கேக்குறது இதுக்குத்தான்.

அப்போ கொரியாக்காரங்க ஏமாத்துனாங்களா?

அப்படி எனக்கு தோணல. ஆசைல அவசரப்பட்டாங்க, அழுக்க பொருள்னு நம்பிட்டாங்க. செய்முறைய முழுசா எழுதி வெளிய வச்சாங்க பாருங்க, அதனாலதான் ஒரு மாசத்துக்குள்ள உலகமே சேர்ந்து தப்ப கண்டுபிடிக்க முடிஞ்சுது. அந்த விஷயத்துல அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஏமாத்து வேற மாதிரி இருக்கும்.

எப்படி இருக்கும்? ரங்கா டயஸ் விஷயமா?

ரங்கா டயஸ் இலங்கைல வளந்தவர், கொழும்பு பல்கலைக்கழகத்துல படிச்சவர், அப்புறம் அமெரிக்கால ரோச்செஸ்டர் யுனிவர்சிட்டில பேராசிரியர். 2020 அக்டோபர்ல நேச்சர் பத்திரிகைல அவரோட குழு பேப்பர், கார்பன் கந்தகம் ஹைட்ரஜன் கலவைய 267 கிகாபாஸ்கல் (ஒரு கிகாபாஸ்கல்னா சாதாரண காத்தழுத்தம் மாதிரி கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு) அழுத்துனா 15 டிகிரி செல்சியஸ்ல சூப்பர்கண்டக்டர்னு. அட்டைப்படமே அதான். 2022 செப்டம்பர்ல நேச்சர் அதை திரும்ப வாங்கிருச்சு, காந்த அளவீட்டுல பின்னணி சத்தத்த கழிச்ச விதம் சரியில்லன்னு. நம்ப மாட்டீங்க, ஆறே மாசத்துல, 2023 மார்ச்ல, அதே நேச்சர்ல அதே குழுவோட இன்னொரு பேப்பர், இந்த தடவை லுட்டீசியம் ஹைட்ரஜன் நைட்ரஜன், 21 டிகிரி, அழுத்தம் வெறும் 1 கிகாபாஸ்கல். லாஸ் வேகாஸ் மார்ச் மீட்டிங்ல அவரு பேசுன ரூம்ல நிக்க இடம் இல்ல. நவம்பர்ல அதுவும் வாபஸ், இந்த தடவை வாபஸ் வாங்குங்கன்னு கேட்டு எழுதுனது அந்த பேப்பர எழுதின 11 பேர்லயே 8 பேர்.

நடுவுல ஃப்ளோரிடால ஜேம்ஸ் ஹாம்லின்னு ஒருத்தர் டயஸோட பிஎச்டி தீசிஸ படிச்சிருக்காரு, படிக்க படிக்க எங்கயோ படிச்ச மாதிரி இருக்கு, பாத்தா அவரோட சொந்த தீசிஸ் பத்திகள். யோசிச்சு பாருங்க அந்த நிமிஷத்த. டயஸோட வேற ஒரு பேப்பரும் 2023 ஆகஸ்ட்ல வாபஸ் ஆச்சு. யுனிவர்சிட்டி வெளியாட்கள வச்சு விசாரிச்சதுல ஆராய்ச்சி மோசடி நடந்திருக்குன்னு முடிவு வந்துச்சு, அவரு மறுத்தாரு, 2024 கடைசில அங்கேருந்து வெளிய வந்துட்டாரு.

வித்தியாசம் புரியுதா? எல்கே-99ல செய்முறை எல்லாருக்கும் கிடைச்சுது, சந்தேகத்த தீக்க ஒரு மாசம். இங்க மூல டேட்டா கேட்டா இழுத்தடிப்பு, அதனால மூணு வருஷம். இதுல பாவம் யாருன்னா அந்த குழுல இருந்த ஸ்டூடன்ட்ஸ், அவங்க பிஎச்டி வருஷங்கள யாரு திருப்பி தருவாங்க.

இந்தியால இப்படி எதாவது?

2018 ஜூலைல பெங்களூர் ஐஐஎஸ்சிலேருந்து தாபா, அன்ஷு பாண்டே ரெண்டு பேரும் தங்கம் வெள்ளி நானோ துகள்ல 236 கெல்வின்ல சூப்பர்கண்டக்டிவிட்டின்னு ஆர்க்கைவ்ல போட்டாங்க. எம்ஐடில பிரையன் ஸ்கின்னர் அந்த காந்த கிராஃப உத்து பாத்துட்டு ஒரு விஷயம் சொன்னார்: பச்சை கோட்டுலயும் நீல கோட்டுலயும் இரைச்சல் அப்படியே ஒண்ணா இருக்கு. இரைச்சல்ங்குறது ரேண்டமா வர்றது, ரெண்டு தடவை மழை பேஞ்சா ஒரே இடத்துல ஒரே துளி விழுமா? அவங்க 2019ல பெரிய பேப்பரா திருத்தி போட்டாங்க, ஆனா வேற லேப்ல யாரும் செஞ்சு காட்டி நிலைநாட்டல, பேச்சு அப்படியே அடங்கிருச்சு. கிராஃப்ல சிக்னல மட்டும் பாக்காம இரைச்சலையும் பாக்கணும்னு நான் கிளாஸ்ல சொல்றதுக்கு இது நல்ல உதாரணம்.

ஆர்க்கைவ்ல வந்தா சரியா? நேச்சர்ல வந்தா சரியா?

ஆர்க்கைவ்ங்குறது 1991லேருந்து இருக்குற ப்ரீபிரின்ட் தளம், யாரும் சரிபார்க்குறதுக்கு முன்னாடி பேப்பர போட்டு வைக்குற இடம், ஊர் சாவடி மாதிரி. நேச்சர்ல ரெஃபரி பாப்பாங்க. ஆனா ரெஃபரிகிட்ட சாம்பிள் இருக்காது, பேப்பர் மட்டும்தான் இருக்கும், அவங்க செஞ்சு பாக்குறது இல்ல. டயஸ் கதை நேச்சர்ல நடந்தது, எல்கே-99 ஆர்க்கைவ்ல. எனக்கு முக்கியம் மூணாவது ஒண்ணு, வேற ஊர்ல வேற ஆளு சம்பந்தமில்லாம செஞ்சு அதே வந்துச்சான்னு.

அப்போ உருப்படியா எதுவுமே நடக்கலையா?

நெறைய நடக்குது, ஃபார்வர்டு ஆகுறது இல்ல, அவ்ளோதான்.

ஜெர்மனி மைன்ஸ்ல மிகாயில் எரெமெட்ஸ் குழு, 2015ல ஹைட்ரஜன் சல்ஃபைட (ஆமா, அந்த அழுகுன முட்டை நாத்தம்) 150 கிகாபாஸ்கல் கிட்ட அழுத்தி 203 கெல்வின் காட்டுனாங்க. 2019ல லாந்தனம் ஹைட்ரைடு, 170 கிகாபாஸ்கல், 250 கெல்வின், அதாவது மைனஸ் 23 டிகிரி, ஃப்ரீசர விட கொஞ்சம்தான் கம்மி! ரெண்டு வைர முனைக்கு நடுவுல முடிய விட மெல்லிசான துணுக்க வச்சு நசுக்குறாங்க, பூமி நடுவுல இருக்குற அழுத்தத்துல கிட்டத்தட்ட பாதி. ஹைட்ரஜன இப்படி நசுக்குனா நடக்கும்னு ஆஷ்கிராஃப்ட் 1968லயே எழுதி வச்சுட்டாரு. எரெமெட்ஸ் 2024ல இறந்துட்டாரு, நோபல் வாங்கியிருக்க வேண்டிய மனுஷன்னு எனக்கு ஒரு ஆதங்கம். ஹிர்ஷ்னு ஒரு இயற்பியலாளர் மாதிரி சிலர் இந்த ஹைட்ரைடு (ஹைட்ரஜன் சேர்ந்த பொருள்) முடிவுகளையே இன்னும் ஏத்துக்கல, ஆனா பெரும்பாலான லேப்கள் ஏத்துக்கிச்சு, ஏன்னா பல இடத்துல திரும்ப வந்துருக்கு.

இன்னொண்ணு நிக்கலேட், அதாவது நிக்கல் ஆக்சைடு குடும்பம். இதுதான் இப்போ சூடா இருக்குற ஏரியா. 2019ல ஸ்டான்ஃபோர்ட்ல ஹாரல்ட் ஹ்வாங் குழு நிக்கல் ஆக்சைடு படலத்துல முதல்ல பாத்தாங்க, 15 கெல்வினுக்குள்ளதான். 2023 ஜூலைல சீனால சன் யாட்-சென் யுனிவர்சிட்டி குழு லாந்தனம் நிக்கல் ஆக்சைட 14 கிகாபாஸ்கலுக்கு மேல அழுத்தி 80 கெல்வின் காட்டுனாங்க, நைட்ரஜன் டெம்பரேச்சருக்கு மேல. தேதிய பாருங்க, எல்கே-99 வந்ததுக்கு பத்து நாள் முன்னாடி! நெஜமான கண்டுபிடிப்பு ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஊரே மேளம் அடிச்சுக்கிட்டு வேற பக்கம் போச்சு. 2024 கடைசில அதே பொருள மெல்லிசு படலமா வளத்து, அடில இருக்குற படிகத்தோட இழுவையால அது தானா நசுங்குற மாதிரி பண்ணி, வெளி அழுத்தமே இல்லாம 40 கெல்வின் கிட்ட கொண்டு வந்துட்டாங்க. செம்புக்கு பக்கத்து வீட்டுக்காரன் நிக்கல், அதனால 1987லேருந்து காப்பர் ஆக்சைடுல தீராத கேள்விக்கு இங்கேருந்து பதில் வருமான்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.

கம்ப்யூட்டர்ல போட்டு எந்த பொருள்னு கண்டுபிடிச்சிட முடியாதா?

ஹைட்ரைடுல முடியுது, லாந்தனம் ஹைட்ரைடே முதல்ல கணக்குல வந்து அப்புறம் லேப்ல வந்ததுதான். காப்பர் ஆக்சைடுல முடியல, அங்க ஜோடி எப்படி சேருதுன்னே இன்னும் சண்டை.

ரூம் டெம்பரேச்சர்ல வந்துட்டா கரன்ட் பில் குறையுமா?

சித்தப்பா கேட்ட கேள்வி. உடனே குறையாது. பொருள் வந்தா மட்டும் போதாது, கம்பியா இழுக்க வரணும், நெறைய கரன்ட் தாங்கணும், காந்தப்புலத்துல சாகக்கூடாது. காப்பர் ஆக்சைடு பீங்கான் மாதிரி, வளைச்சா உடையும், அத உலோக நாடா மேல படலமா பூசி டேப்பாக்க இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் நம்ம வீட்டுக்கு வர்றது ஏசி கரன்ட், அதுல சூப்பர்கண்டக்டர்லயும் கொஞ்சம் நஷ்டம் உண்டு, சுத்தமா பூஜ்யம்ங்குறது டிசிக்குத்தான்.

ஆனா அந்த டேப்ப வச்சு 2021ல எம்ஐடியும் அதோட சேர்ந்த ஒரு கம்பெனியும் 20 டெஸ்லா காந்தம் செஞ்சு காட்டுனாங்க, அணு இணைவு உலைக்கு. ஜப்பான் மேக்லெவ் ரயில் 2015ல 603 கிலோமீட்டர் வேகம் போனது சூப்பர்கண்டக்டர் காந்தத்துலதான். ஜெனீவா பக்கத்துல துகள்கள மோத விட்டு பாக்குற செர்ன் ஆய்வகத்துல 27 கிலோமீட்டர் வளையத்துல 1232 வளைக்குற காந்தம், எல்லாம் 1.9 கெல்வின்ல. 2008 செப்டம்பர்ல அங்க ரெண்டு காந்தத்துக்கு நடுவுல ஒரே ஒரு ஜாயின்ட் சரியில்லாம சூடாகி, 6 டன் ஹீலியம் பீச்சி அடிச்சு, டன் கணக்கு எடையுள்ள காந்தமெல்லாம் எடம் நகந்து, ஒரு வருஷத்துக்கு மேல மிஷின் நின்னுச்சு. ஜாயின்ட் ஒயர்மேன் சரியா முறுக்கலன்னா என்ன ஆகும்னு நம்ம வீட்டு மெயின் போர்டுல பாத்திருப்போம், இது அதோட பெரியண்ணன்.

2025 நோபலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கிளார்க், டெவோரே, மார்டினிஸ் மூணு பேரும் 1984, 85ல பெர்க்லில சூப்பர்கண்டக்டர் சர்க்யூட்ல, கைல புடிக்குற அளவு சிப்புல, குவாண்டம் சுரங்கப்பாதை விளைவ (தாண்ட முடியாத தடுப்ப ஊடுருவி போறது) காட்டுனதுக்கு. இன்னைக்கு கூகுள், ஐபிஎம் குவாண்டம் கம்ப்யூட்டர் சிப்புக்கெல்லாம் அதான் வேர். அதுக்கு ரூம் டெம்பரேச்சர் சூப்பர்கண்டக்டர் கிடைச்சாலும் பிரயோஜனம் கம்மி, அங்க சூட்டோட சத்தமே இருக்கக்கூடாது, எப்படியும் குளிர வச்சே ஆகணும்.

அடுத்த தடவை நியூஸ் வந்தா நான் என்ன பாக்கணும்?

தடை, மைஸ்னர் ரெண்டும் இருக்கான்னு பாருங்க. அழுத்தம் எவ்ளோன்னு பாருங்க, தலைப்புல அத போட மாட்டாங்க. செய்முறை குடுத்திருக்காங்களா, மூல டேட்டா வெளிய இருக்கா. அப்புறம் மூணு வாரம் எனக்கு போன் பண்ணாதீங்க, அதுக்குள்ள யாராவது ஃபர்னஸ்ல சுட்டு பாத்திருப்பாங்க.

நேர்ல ஒரு தடவை பாக்கணும்னா?

பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் இருக்குற காலேஜ் எதுலயாவது சயின்ஸ் டே, ஓபன் டேன்னா கேளுங்க. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வில்லை, கருப்பா, ஓமவாட்டர் பாட்டில் மூடி சைஸ்ல இருக்கும். தெர்மாகோல் கப்புல வச்சு லிக்விட் நைட்ரஜன் ஊத்துங்க, மொதல்ல தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி கத்தும், கத்தல் அடங்குனா வில்லை குளிந்துருச்சுன்னு அர்த்தம். அப்போ சின்ன நியோடிமியம் காந்தத்த பிளாஸ்டிக் இடுக்கில புடிச்சு மேல விடுங்க, ஸ்டீல் இடுக்கின்னா காந்தம் அதுலயே ஒட்டிக்கும். அந்தரத்துல நிக்கும், விரலால லேசா சுண்டி விட்டா சுத்திக்கிட்டே இருக்கும். நைட்ரஜன் தீர்ந்து வில்லை 93 கெல்வின தாண்டுற நேரம் காந்தம் மெதுவா இறங்கி வந்து உக்காரும்.

கப்புக்குள்ள விரல விட வேணாம், மூடி போட்டு அடைக்கவும் வேணாம், ஆவியாகி வெடிச்சிடும், ரூம் ஜன்னல திறந்து வைங்க. முடிஞ்சதும் வில்லைய ஹேர் ட்ரையர்ல காய வச்சு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட டப்பால போடணும், அதுக்கு ஈரம் ஆகாது. என்கிட்ட இருந்த முதல் வில்லைய மேசை மேல அப்படியே விட்டுட்டு ஒரு மழை சீசன் ஊருக்கு போயிட்டேன், வந்து பாத்தா பச்சை பூத்து பொடிஞ்சு கெடந்துச்சு.